மெக்கல்லக் முகமும் பழைய பெயரும்: ஓர் இருபது டாலர் நோட்டு பற்றி

வாங்கியது: பிலடெல்பியாவின் 'தி பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா' வெளியிட்ட 20 டாலர் நேஷனல் பேங்க் நோட்டு (மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கி தன் பெயரில் வெளியிட்ட நோட்டு), 1902 வரிசை, நீல முத்திரை. நடுவில் ஒரு மடிப்பு ஆழமாக, ஓரத்தில் சின்னச் சின்னதாக இரண்டு. கிழிசல் இல்லை, ஊசித்துளை இல்லை. ஐந்நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன். மகன் விலையைக் கேட்டுவிட்டு, "இருபது டாலருக்கா அப்பா?" என்றான். ஆமாம், இருபது டாலருக்குத்தான். இன்றைக்கும் அமெரிக்காவில் இது செல்லும் பணம். கடையில் நீட்டினால் இருபது டாலருக்குச் சாமான் வாங்கலாம், நீட்டுகிறவனுக்குப் புத்தி இல்லை என்று ஆகும், அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெற்ற வங்கி கேஷியர். வாழ்நாள் முழுக்க நோட்டு எண்ணிய கை. இப்போது நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன், பழைய அமெரிக்க நோட்டு சேர்ப்பது பொழுதுபோக்கு. நம் ஆட்களில் இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஊர் பெயர் பார்த்து வாங்குகிறார்கள்: தான் குடியிருக்கிற ஊரின் 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' நோட்டு கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு நேஷனல் நோட்டுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், முன்பு மாநில உரிமத்தில் இருந்து பிறகு நேஷனல் வங்கியாக மாறிய வங்கியின் நோட்டை வாங்குங்கள் என்பேன். அதிலும் முடிந்தால் இந்த வங்கியுடையதை. காரணம் நோட்டின் முகத்திலேயே இருக்கிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய டாலரைவிட நன்றாகப் பெரிது, ஏழே கால் அங்குலத்துக்கும் மேல் நீளம். இடது பக்கம் ஒரு பெரியவரின் படம். ஹ்யூ மெக்கல்லக். நடுவில் வங்கியின் பெயர், அதன் கீழே பிலடெல்பியா. உச்சியில் 'நேஷனல் கரன்சி' என்ற தலைப்பு, ஈடாக அமெரிக்க அரசு பாண்டுகள் (கடன் பத்திரங்கள்) கருவூலத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்ற வாசகம். வங்கியின் உரிம எண் 602 நீல மையில் பெரிதாக இருக்கிறது, பக்கத்தில் கிழக்குப் பிராந்தியத்துக்கான 'ஈ' எழுத்து. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதே 602 ஓரத்துப் பூவேலைக்குள் பொடிப் பொடியாக மறுபடி மறுபடி செதுக்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று சாயங்கால காபி ஆறிப்போனது. கீழே இடது பக்கம் கேஷியர் கையெழுத்து, வலது பக்கம் பிரசிடென்ட் கையெழுத்து. இரண்டுமே ரப்பர் ஸ்டாம்ப். கேஷியருடையது வெளுத்து, வெந்தயக் கீரை கழுவின தண்ணீர் மாதிரி ஒரு சாயல்தான் மிச்சம். என் தொழில்காரனின் கையெழுத்தே அழிந்துபோனதில் எனக்கு வருத்தம்.

இனி அந்தப் பெயர். நேஷனல் வங்கி என்றால் பெயரில் 'நேஷனல்' என்று இருக்க வேண்டும். 1864-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான வங்கிகள் நேஷனல் உரிமம் எடுத்தன, அத்தனை பெயரிலும் அந்தச் சொல் உண்டு. இந்த ஒரு வங்கியில் மட்டும் இல்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் வங்கியின் பெயரில் கிடையாது. சலுகை. அந்தச் சலுகை எப்படி வந்தது என்பதில்தான் இந்த நோட்டின் முழு ருசியும்.

1860 வாக்கில் அமெரிக்காவில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு வங்கிகள், எல்லாம் அந்தந்த மாநிலம் கொடுத்த உரிமத்தில் நடந்தவை. ஒவ்வொன்றும் தன் நோட்டைத் தானே அடித்துக்கொண்டது. ஒரே மதிப்புக்கு நூற்றுக்கணக்கான டிசைன், ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு படம். திமிங்கல வேட்டை, ரயில் வண்டி, மாடு கறக்கும் பெண் என்று கையில் கிடைத்த படமெல்லாம் நோட்டில். நல்ல வங்கியின் நோட்டு, செத்த வங்கியின் நோட்டு, இல்லாத வங்கியின் நோட்டு, மதிப்பைத் திருத்தி எழுதிய நோட்டு, எல்லாம் ஒரே கல்லாவில் வந்து விழும். ஜான் தாம்ஸன் என்பவர் நியூயார்க்கில் 'பேங்க் நோட் ரிப்போர்ட்டர்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். எந்த நோட்டு எத்தனை காசு தள்ளி வாங்கலாம், எந்த நோட்டில் கள்ளம் வந்திருக்கிறது என்ற பட்டியல்தான் அதில். கேஷியர் அதை மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் தேடிப் பார்த்துப் பணம் வாங்க வேண்டும். கள்ள நோட்டுக்குப் புற ஊதா விளக்கு வைத்துக்கொண்டே நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம், அந்த மனுஷன் எப்படி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றானோ.

அந்தக் காலத்து நோட்டு ஒன்றும் என்னிடம் இருக்கிறது, நியூ ஆர்லியன்ஸ் கனால் பேங்க்கினுடையது. கையெழுத்துப் போடாமலே மிஞ்சிப்போன தாள், அதனால் புதுசு மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், விலையும் குறைவு. செதுக்கு வேலை என்று பார்த்தால் இந்த 1902 நோட்டைவிட அதுதான் அழகு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழகு கேஷியருக்கு எதற்கு?

உள்நாட்டுப் போர் வந்தது, அரசுக்குப் பணம் வேண்டும். கருவூலச் செயலர் சால்மன் சேஸ் போட்ட திட்டம்: நேஷனல் உரிமம் எடுக்கிற வங்கி அரசு பாண்டு வாங்கிக் கருவூலத்தில் வைக்கட்டும், அதன் பேரில் ஒரே மாதிரி நோட்டு கொடுக்கிறோம். அரசுக்கு பாண்டு விற்கும், நாட்டுக்கு ஒரே நோட்டு கிடைக்கும். செனட்டில் 23-க்கு 21 என்று ஊசி முனையில் தேறி, 1863 பிப்ரவரி 25 அன்று லிங்கன் கையெழுத்துப் போட்டார். மசோதாவைச் செனட்டில் தூக்கிச் சுமந்தவர் ஜான் ஷெர்மன். 1902 வரிசை ஐம்பது டாலர் நோட்டில் இருப்பது அவர் முகம்.

சட்டம் வந்தது, பழைய வங்கிகள் வரவில்லை. புது வங்கிகள் வந்தன. பிலடெல்பியாவில் 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' 1863 ஜூன் 20 அன்று முதல் எண் உரிமம் வாங்கியது. அயோவாவில் டேவன்போர்ட் என்ற ஊரில் இன்னொன்று அந்த மாதமே ஜூன் 29 அன்று கதவைத் திறந்து, முதலில் வியாபாரம் தொடங்கிய பெயரை எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியல் பத்திரிகை நடத்திய தாம்ஸனே நியூயார்க்கில் ஒரு 'ஃபர்ஸ்ட் நேஷனல்' ஆரம்பித்தார். ஆனால் பழைய, கைகாரப் பெரிய வங்கிகள் அசையவில்லை. வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் சங்கமான நியூயார்க் கிளியரிங் ஹவுஸ் முதலில் புது நேஷனல் வங்கிகளைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தது.

ஏன் வரவில்லை? பாடப்புத்தகங்கள் வட்டி, ரிசர்வ் (கையிருப்பாக வைக்க வேண்டிய பணம்), மேற்பார்வை என்று கணக்குச் சொல்லும். கணக்கு உண்மைதான், பார்க்கலாம். ஒரு லட்சம் டாலர் பாண்டு வைத்தால் தொண்ணூறாயிரத்துக்குத்தான் நோட்டு. பாண்டுக்கு வட்டி வரும், தொண்ணூறாயிரத்தைக் கடன் கொடுத்தால் அதற்கும் வட்டி வரும். கழிவு என்று பார்த்தால் புழக்கத்தில் உள்ள நோட்டுக்கு ஆண்டுக்கு ஒரு சதவீத வரி, நகரத்துக்கு நகரம் 15 அல்லது 25 சதவீத ரிசர்வ், நிலத்தின் பேரில் கடன் கொடுக்கத் தடை, வங்கி மூழ்கினால் பங்குதாரர் தன் பங்கின் அளவுக்கு மறுபடி ஒரு மடங்கு கட்ட வேண்டும். இதில் சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். ஆனால் கணக்கில் வராத ஒன்று இருந்தது. முதல் கரன்சி கன்ட்ரோலர், அதாவது நேஷனல் வங்கிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி, எல்லா வங்கியும் தன் பெயரை விட்டுவிட்டு ஊர் பெயரோடு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று எண் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஐம்பது அறுபது வருஷமாக 'மெர்ச்சன்ட்ஸ்', 'ஃபார்மர்ஸ் அண்ட் மெக்கானிக்ஸ்' என்று பெயர் சம்பாதித்தவனைப் போய் 'செவன்த் நேஷனல்' என்று இரு என்றால் இருப்பானா?

என் வங்கி பெரிய வங்கி ஒன்றில் கரைந்த வருஷம், பழைய பெயர்ப்பலகையைக் கழற்றும்போது வாடிக்கையாளர்கள் வந்து நின்று பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பாஸ்புக் மாறியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பலகைக்குத்தான் முகம் சுண்டினார்கள். அதனால் இந்த விஷயத்தில் சரித்திர ஆசிரியர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் புரியும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பிடிவாதக்கார கன்ட்ரோலர் யார் தெரியுமா? நோட்டில் இடது பக்கம் இருக்கிற ஹ்யூ மெக்கல்லக். அவர் கதையும் சுவாரசியம்தான். இண்டியானா மாநில வங்கியின் தலைவராக இருந்தவர், இந்த மசோதாவை எதிர்க்கத்தான் முதலில் வாஷிங்டனுக்கு வண்டி ஏறினார். சேஸ் அவரையே பிடித்து அதை நடத்தும் நாற்காலியில் உட்கார வைத்தார். எதிர்க்க வந்த ஆளை மேனேஜராகப் போடுகிற தந்திரம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

1864 ஜூன் 3 அன்று சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். மாநில வங்கி மாறுவதற்கு ஒரு தனிப் பிரிவு, 44-ஆவது. மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் போதும், பங்கின் முகமதிப்பு பழையபடியே இருக்கலாம், டைரக்டர்களும் அப்படியே தொடரலாம். பெயர் விஷயத்திலும் மெக்கல்லக் இறங்கிவந்தார்: பழைய பெயரை வைத்துக்கொள், எங்காவது 'நேஷனல்' என்று ஒரு சொல்லைச் செருகிக்கொள். கெமிக்கல் பேங்க், கெமிக்கல் நேஷனல் பேங்க் ஆனது. நியூயார்க்கின் பேங்க் ஆஃப் காமர்ஸ், நேஷனல் பேங்க் ஆஃப் காமர்ஸ் ஆனது. அந்த வங்கியை இழுக்க இன்னொரு வலையும் விரித்தார்கள். ஐம்பது லட்சம் டாலருக்குக் குறையாத மூலதனமும் இருபது சதவீத உபரியும் உள்ள பழைய வங்கி என்றால் பங்குதாரருக்கு அந்த இரட்டைப் பொறுப்பு கிடையாது என்று சட்டத்திலேயே ஒரு வரி. எத்தனை வங்கிக்கு அந்த அளவு சட்டை பொருந்தும்? யாருக்காகத் தைத்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த 1864-இல்தான் பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்காவும் மாறியது. எண் 602. மற்றவர்களுக்கு ஒரு சொல் செருகல். இவர்களுக்கு அதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இவர்கள் பக்க நியாயம் பெரிது. 1781-இன் கடைசி நாள் காங்கிரஸே உரிமம் கொடுத்து, 1782 ஜனவரி 7 அன்று கதவு திறந்த வங்கி. ராபர்ட் மோரிஸ் போட்ட திட்டம், தாமஸ் வில்லிங் முதல் தலைவர். அமெரிக்காவின் அரசியல் சட்டத்துக்கே மூத்தது. நடுவில் பென்சில்வேனியா மாநிலமும் ஓர் உரிமம் கொடுத்து, 1785-இல் அதைப் பிடுங்கி, 1787-இல் திரும்பக் கொடுத்தது. மாநில உரிமம் என்றால் என்ன ஆகும் என்று இவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை. நாட்டின் நாடாளுமன்றம் வைத்த பெயருக்கு மேலே இன்னொரு 'நேஷனல்' எதற்கு என்று கேட்டிருந்தால், பதில் சொல்வது மெக்கல்லக்குக்கே கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது நோட்டை மறுபடி பாருங்கள். எல்லாருடைய பெயரையும் பிடுங்கி எண் போட நினைத்தவரின் முகம் இடது பக்கம். பெயரில் ஓர் எழுத்துகூட மாற்றாமல் தப்பித்த ஒரே வங்கியின் பெயர் அதே தாளின் நடுவில். 1902 வரிசையில் எல்லா வங்கியின் இருபது டாலர் நோட்டிலும் மெக்கல்லக் முகம்தான், வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. ஆனாலும் என்னிடமிருக்கும் நோட்டுகளில் இதைப் பார்த்துத்தான் நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

மாறாதவர்கள் கதி? பழைய பெயரை வைத்துக்கொள்ள விட்டும் வராதவர்களுக்கு 1865 மார்ச் 3 அன்று ஒரு வரிச் சட்டம். மாநில வங்கி நோட்டை எந்த வங்கி கையாண்டு வெளியே கொடுத்தாலும் பத்து சதவீத வரி, அடுத்த ஆண்டு கோடையிலிருந்து. இருபது டாலர் நோட்டு ஒன்றைக் கவுன்டரில் நீட்டினால் இரண்டு டாலர் அரசுக்குப் போகும். எந்த வங்கி தாங்கும்? 1868 ஆகும்போது மாநில வங்கிகள் இருநூற்றைம்பதுக்கும் கீழே விழுந்தன, நேஷனல் வங்கிகள் ஆயிரத்து அறுநூறைத் தாண்டின. மெய்ன் மாநிலத்து வீஸி பேங்க் மட்டும் வரி செல்லாது என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் 1869-இல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி, திட்டத்தைப் போட்ட அதே சால்மன் சேஸ். வீட்டுக்காரரே நாட்டாமை. ஆனால் வரி நோட்டுக்குத்தான், வங்கிக்கு இல்லை. செக்கும் டெபாசிட்டும் வளர வளர நோட்டு அடிக்காமலே பிழைக்கலாம் என்று மாநில வங்கிகள் கண்டுகொண்டு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் திரும்பவும் பெருகிவிட்டன. பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்காவே 1923-இல் ஒரு டிரஸ்ட் கம்பெனியோடு சேர்ந்து நேஷனல் உரிமத்தைக் கைவிட்டது. ஆகவே இந்த நோட்டு அதற்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

குறைகளுக்கு வருகிறேன். நோட்டைப் பற்றி எனக்கு ஒரு குறைதான், ரப்பர் ஸ்டாம்ப். 1860-களின் முதல் வரிசை நோட்டுகளில் கேஷியரும் பிரசிடென்ட்டும் பேனாவால் போட்டிருப்பார்கள். மேலே கருவூல அதிகாரி ஸ்பின்னரின் கையெழுத்து, தட்டில் செதுக்கியது, கோலம் போட்ட மாதிரி சுழித்துக்கொண்டு ஓடும். வாஷிங்டனிலிருந்து நான்கு நோட்டு கொண்ட தாளாக வரும், மூன்று பத்தும் ஓர் இருபதும், அல்லது நான்கு ஐந்து. வங்கியில் கையெழுத்துப் போட்டு, கத்தரியால் வெட்டி, கல்லாவில் வைப்பார்கள். வெட்டு கோணலாக இருக்கும். அந்தக் கோணலுக்காகவே ஒன்று வாங்கலாம். விலைதான் என் பென்ஷனுக்கு எட்டவில்லை. இந்த வங்கியின் முதல் வரிசை நோட்டு என்றால் இன்னும் மேலே போகும்.

விற்றவரைப் பற்றிக் குறை நிறைய. பெயர் சொல்லவில்லை. விளம்பரத்தில் 'அமெரிக்காவின் முதல் நேஷனல் வங்கி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். முதல் எண் உரிமம் அதே ஊரின் ஃபர்ஸ்ட் நேஷனலுக்கு என்று எழுதிக் கேட்டால், "அதுவும் பழசு, இதுவும் பழசுதானே" என்று பதில். படத்தில் கேஷியர் கையெழுத்துக்கு மேலே வெளிச்சம் பளிச்சென்று விழுந்திருந்தது. வெளுத்தது தெரியாமல் இருக்கத்தான் என்று நோட்டு கைக்கு வந்த பிறகு புரிந்தது. கேட்டதும் கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுத்தார், அந்த அளவுக்கு மரியாதை. நோட்டு வந்தது பிவிசி உறையில். அதில் வருஷக்கணக்காக வைத்தால் பிளாஸ்டிக்கின் எண்ணெய் தாளில் இறங்கும். உடனே மைலர் உறைக்கு மாற்றினேன்.

மதிப்பெண் கேட்டால் நோட்டுக்கு ஐந்துக்கு நாலரை, விற்பனைக்கு இரண்டு.

வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது: நோட்டில் பொறித்திருக்கும் தேதியை அச்சடித்த தேதி என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது உரிமத்தையோ உரிம நீட்டிப்பையோ ஒட்டிய தேதி, அதே தேதியோடு பல ஆண்டு அச்சடித்திருப்பார்கள். உரிம எண்ணைப் பாருங்கள். எண் சிறியது என்பதால் மட்டும் அது மாறிய வங்கி என்று ஆகிவிடாது, புதிதாகத் தொடங்கியதாகவும் இருக்கலாம். பெயரில் எண் இல்லாமல், 'மெர்ச்சன்ட்ஸ்', 'மெக்கானிக்ஸ்' மாதிரி தொழில் பெயரோடு 'நேஷனல்' ஒட்டியிருந்தால் மாறிய வங்கியாக இருக்க நல்ல வாய்ப்பு, அந்த ஊர் சரித்திரத்தில் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். கழுவி இஸ்திரி போட்ட நோட்டு ஒரு வகை உண்டு. பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஆனால் தொட்டால் காகிதத்தில் உயிர் இருக்காது, மடிப்பு இருந்த இடத்தில் மை மட்டும் விட்டுப்போயிருக்கும். கடைசியாக, இரண்டு கையெழுத்தையும் சாதாரண வெளிச்சத்தில், நோட்டைச் சாய்க்காமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.